எந்த கன்சோல் ஜெயித்தது, எதை வாங்குவது? விற்பனைக் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும்?

கன்சோல் எனப்படும் வீடியோ கேம் கருவிகளைப் பற்றி மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் நண்பர்களுக்குள் தினமும் இதே வாக்குவாதம்தான். ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது, அதனால் நின்டெண்டோதான் ஜெயித்தது என்கிறான் ஒருவன். இப்போதைய தலைமுறையில் பி.எஸ்.5-க்கு ஈடு கிடையாது என்கிறான் இன்னொருவன். எக்ஸ்பாக்ஸ் கதை முடிந்துவிட்டது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. உண்மையில் யார் முன்னால் இருக்கிறார்கள்? ஜி.டி.ஏ. 6 வருவதற்குள் நான் ஒரு கன்சோல் வாங்க வேண்டும். இப்போதே பி.எஸ்.5 வாங்கலாமா, பி.எஸ்.6 வரும்வரை பொறுக்கலாமா, ஸ்விட்ச் 2 பக்கம் போகலாமா?"

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். ஜி.டி.ஏ. 6, அதாவது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் அடுத்த கேமை, விளையாடுவதுதான் முக்கிய நோக்கம் என்றால், மதுரையில் இருக்கும் ஒருவர் வாங்கத் தகுந்தது டிஸ்க் போடக்கூடிய பி.எஸ்.5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5. பி.எஸ்.6-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் 2 நல்ல கருவிதான். ஆனால் இந்த ஊரில் அதை முதல் கன்சோலாக வாங்குவதில் சில சிரமங்கள் இருக்கின்றன. டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய கன்சோல்களை வாங்கி விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உங்கள் நண்பர்கள் செய்யும் அதே வாக்குவாதம் என் கடை வாசலிலும் நடக்கும். அதில் சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. அந்த எண்களிலிருந்து எடுக்கும் முடிவுகள்தான் தவறிப் போகின்றன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025 செப்டம்பர் 30 வரையிலான நிலவரப்படி, பி.எஸ்.5 உலகம் முழுவதும் 8.42 கோடி. முதல் ஸ்விட்ச் 15.401 கோடி. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2, நான்கு மாதம்கூட முடிவதற்குள் 1.03 கோடியைத் தாண்டியிருந்தது. நின்டெண்டோவின் பழைய டி.எஸ். கையடக்கக் கருவியின் மொத்த விற்பனை 15.402 கோடி என்பதால், அந்தத் தேதியில் ஸ்விட்சுக்கும் அதற்கும் இடையே சுமார் பத்தாயிரம் கருவிகள்தான் வித்தியாசம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, 16 கோடியைத் தாண்டி, பி.எஸ்.2 இருக்கிறது.

இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பதில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது. ஸ்விட்ச் விற்பனைக்கு வந்தது 2017 மார்ச் 3 அன்று, பி.எஸ்.5 வந்தது 2020 நவம்பர் 12 அன்று. எட்டரை ஆண்டு விற்ற பொருளையும் ஐந்து ஆண்டு நிறையாத பொருளையும் மொத்த எண்ணிக்கையால் ஒப்பிடுவது நியாயமாகாது. ஒரே வயதில் எது எவ்வளவு விற்றது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மொத்தம் 11.7 கோடி விற்ற பி.எஸ்.4 தன்னுடைய ஐந்தாவது ஆண்டில் எங்கே நின்றதோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் பி.எஸ்.5-ம் நிற்கிறது. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சிப் தட்டுப்பாட்டால் கடைகளில் சரக்கே கிடைக்காமல் இருந்ததையும், விலை குறைவதற்குப் பதிலாக ஏறியதையும் சேர்த்து நினைத்தால், அது சாதாரணமான நிலை அல்ல.

இரண்டாவது, அந்த எண் எதை எண்ணுகிறது என்பது. சோனியும் நின்டெண்டோவும் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் எண்ணிக்கை, தொழிற்சாலையிலிருந்து கடைகளுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் அனுப்பப்பட்ட கருவிகளைக் குறிப்பது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவற்றை அல்ல. சில ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும் என்பதால் மொத்தக் கணக்கில் இது பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால் ஒரு தீபாவளி அல்லது கிறிஸ்துமஸ் காலாண்டின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு "இந்த மூன்று மாதத்தில் இவன் அவனை அடித்துவிட்டான்" என்று பேசும்போது, அலமாரியில் விற்காமல் கிடக்கும் சரக்கும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விற்பனை எண்ணிக்கை என்று யாராவது உங்களிடம் துல்லியமாகச் சொன்னால், அது வெளியாட்கள் போட்ட மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2015-லேயே கருவிகளின் எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு நமக்குக் கிடைத்த உறுதியான தடயம், ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை வாங்கும்போது பிரேசில் நாட்டின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பிடம் 2022-ல் அது தாக்கல் செய்த ஆவணம்தான். சென்ற தலைமுறையில் சோனி தன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கருவிகளை விற்றது என்று அதில் மைக்ரோசாஃப்டே எழுதிக் கொடுத்திருந்தது.

அப்படியானால் இந்த எண்கள் யாருக்குத்தான் பயன்படும்? கேம் தயாரிப்பவர்களுக்கு. ஒரு கேமை உருவாக்க நான்கைந்து ஆண்டும் பெரும் பணமும் ஆகும்போது, அதை வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் கருவியோடு காத்திருக்கிறார்கள் என்பதுதான் தயாரிப்பாளரின் முதல் கேள்வியாக இருக்கும். ஆகவே, விற்பனை எண்ணிக்கையை வாங்குபவர் ஒரே ஒரு விஷயத்தை அறிந்துகொள்ளப் பயன்படுத்தலாம்: நான் வாங்கும் கருவிக்கு இன்னும் எத்தனை ஆண்டு புதிய கேம்கள் வரும்?

இதற்கு பி.எஸ்.2-ஐவிடத் தெளிவான சான்று கிடையாது. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த அந்தக் கருவியின் உற்பத்தி 2013 ஜனவரியில்தான் நின்றது. அதற்குப் பிறகும் அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிஃபா 14 பி.எஸ்.2-க்கு வந்தது. பி.எஸ்.4 வெளியான ஆண்டு அது! இரண்டு தலைமுறைக்கு முந்தைய கருவிக்கு ஒரு பெரிய நிறுவனம் டிஸ்க் அச்சிட்டது என்றால், அதற்குக் காரணம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த கருவிகளின் எண்ணிக்கைதான். நம் நாட்டிலும் அதன் பலன் தெரிந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அரோனா டெக்னாலஜிஸ் 2009-ல் பி.எஸ்.2-க்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற கேமை உருவாக்கியது, அதே காலகட்டத்தில் கபடி, பட்டம் விடுதல் போன்ற நம் ஊர் விளையாட்டுகளை வைத்து 'தேசி அட்டா' வந்தது. அந்த கேம்களின் தரத்தைப் பற்றி வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் இந்தியாவில் பி.எஸ்.2 நிறைய இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அந்த முயற்சியில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

மதுரையில் அந்தக் காலத்தை நேரில் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஓடிய பி.எஸ்.2-களில் பெரும்பாலானவை உள்ளே சிப் வைத்து மாற்றப்பட்டவை. காப்பி டிஸ்க்கில்தான் எல்லோரும் விளையாடினார்கள். தரமற்ற டிஸ்க்கைப் படிக்கப் படிக்க லென்ஸ் சீக்கிரம் தளர்ந்துவிடும். மூடியைத் திறந்து லென்ஸைத் துடைத்து, அது முன்னும் பின்னும் போகும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் வைத்து, அப்படியும் டிஸ்க் எடுக்காவிட்டால் லென்ஸையே மாற்றிக் கொடுப்பதுதான் அன்றைய பிழைப்பு. அந்தக் கருவிகள் சோனியின் விற்பனைக் கணக்கில் ஏறின. அவற்றில் நாம் ஆடிய கேம்கள் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறவில்லை. இந்தியாவில் கன்சோல் வைத்திருப்பவர்கள் கேமுக்குப் பணம் கொடுப்பார்களா என்ற சந்தேகம் பெரிய நிறுவனங்களுக்கு நீண்ட காலம் இருந்ததற்கு, நாம் அன்று விளையாடிய விதமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமாக வீ யூ கருவியைச் சொல்லலாம். நின்டெண்டோவின் வீ 10.16 கோடி விற்றது. அதற்கு அடுத்து 2012-ல் வந்த வீ யூ 1.356 கோடியோடு நின்றுபோனது. அதற்காக 2014-ல் வெளியான மாரியோ கார்ட் 8 அருமையான கேம் என்பதில் விமர்சகர்களுக்கு மாறுபட்ட கருத்து இருந்ததில்லை. ஆனால் வீ யூவில் அது விற்றது சுமார் 85 லட்சம் பிரதிகள். அதே கேமைச் சில சேர்க்கைகளோடு 2017-ல் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கே 6.8 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. பந்தயத் தடங்கள், வண்டிகள், விளையாடும் முறை எல்லாம் ஏறக்குறைய அவைதான். மாறியது கருவி. தயாரிப்பாளர்கள் கருவிகளின் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பது இந்த ஒரு கேமை வைத்தே புரிந்துவிடும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. கருவிகள் நிறைய இருப்பதால் மட்டும் எந்த கேமும் ஓடிவிடாது. சோனியே வெளியிட்ட 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று பி.எஸ்.5-க்கும் கணினிக்கும் வந்தது. ஆட ஆள் இல்லாமல் செப்டம்பர் 6 அன்று சர்வரையே நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பி.எஸ்.5 வைத்திருப்பவர்கள் எல்லோரும் புதிய கேமுக்காகக் காத்திருப்பவர்கள் என்று நினைப்பதும் சரியல்ல. பழைய கேமையே ஆண்டுக்கணக்கில் ஆடுபவர்கள்தான் அதிகம். 2024 மே மாதம் சோனி தந்த விவரப்படி, மாதந்தோறும் பயன்பாட்டில் இருந்த கணக்குகள் பி.எஸ்.5-ல் 4.9 கோடி, பி.எஸ்.4-லும் 4.9 கோடி. புதிய கருவி வந்து மூன்றரை ஆண்டு கழித்தும் பாதிப் பேர் பழையதிலேயே இருந்தார்கள். நம் ஊர் கேமிங் சென்டர்களில் இன்றும் பி.எஸ்.4-ல் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எக்ஸ்பாக்ஸ் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. கருவி விற்பனையில் அது மிகவும் பின்தங்கிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. மைக்ரோசாஃப்டே தன்னுடைய வியாபாரத்தின் மையத்தைக் கருவியிலிருந்து கேமுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்சோல் வியாபாரத்தில் கருவியால் கிடைக்கும் லாபம் குறைவு. பல சமயம் நட்டம். அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர், ஒவ்வொரு கருவியிலும் 100 முதல் 200 டாலர் வரை தாங்கள் கைப்பணம் போட்டு விற்பதாக 2022-ல் சொன்னார். அந்தப் பணம் திரும்பி வருவது, தங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் எடுக்கும் சுமார் 30 விழுக்காடு பங்கிலிருந்தும் மாதச் சந்தாவிலிருந்தும்தான். கருவி குறைவாக விற்றால் இந்த இரண்டும் சுருங்கும். ஆகவே, 6,870 கோடி டாலர் மதிப்பில் அறிவித்து 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், தன் கேம்களைப் போட்டியாளரின் கருவியிலும் விற்கத் தொடங்கியது. ஃபோர்சா ஹொரைசன் 5 2025 ஏப்ரலில் பி.எஸ்.5-க்கு வந்தது, ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார் வந்தது, எக்ஸ்பாக்ஸின் அடையாளமான ஹேலோவின் முதல் பாகத்தைப் புதுப்பித்து 2026-ல் பி.எஸ்.5-லும் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். மறுபக்கம், கேம் பாஸ் அல்டிமேட் என்ற தன் மாதச் சந்தாவை 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலருக்கு ஒரே அடியாக உயர்த்தினார்கள். இந்தியாவிலும் சந்தா ஏறியது. குறைந்த செலவில் நிறைய கேம்கள் என்பதுதான் எக்ஸ்பாக்ஸ் வாங்குவதற்கு இருந்த வலுவான காரணம். அது இப்போது முன்புபோல் வலுவாக இல்லை. எக்ஸ்பாக்ஸ் கேம்களைப் பி.எஸ்.5-ல் ஆட முடிகிறது. சோனியின் முக்கியமான கேம்களோ, ஒன்றிரண்டைத் தவிர, எக்ஸ்பாக்ஸில் வருவதில்லை. வாங்குபவருக்கு இந்த ஒரு வழிப் போக்கு, எந்த விற்பனை எண்ணைவிடவும் முக்கியமானது.

இனி வரவிருக்கும் கேம்கள். ஜி.டி.ஏ. 6 முதலில் 2025 இறுதிக்குள் வரும் என்றார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் அதை 2026 மே 26-க்கு மாற்றினார்கள். 2025 நவம்பர் 6 அன்று மறுபடியும் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே அறிவிப்பு இருக்கிறது. பி.எஸ்.4-க்கு வராது. கணினிக்குத் தேதி கொடுக்கவில்லை. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை, ஏனென்றால் இதைத் தயாரிக்கும் ராக்ஸ்டாரின் வழக்கம் இதுதான். ஜி.டி.ஏ. 5 2013-ன் முற்பகுதியிலிருந்து தள்ளிப்போய் அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று வந்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இருமுறை தள்ளிப்போய் 2018 அக்டோபர் 26 அன்று வந்தது. இரண்டுமே தாமதத்துக்கு ஈடான தரத்தோடு வந்தன. முதல் மூன்று நாளில் 100 கோடி டாலர் ஈட்டிய ஜி.டி.ஏ. 5, இன்று 22 கோடிப் பிரதிகளைத் தாண்டி நிற்கிறது. உலகில் எந்த ஒரு கன்சோலும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. கணினியில் விளையாட நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜி.டி.ஏ. 5 கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில். ரெட் டெட் 2 வந்தது 2019 நவம்பரில். அதாவது, கன்சோலுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கும் மேலோ ஆகலாம்.

வெளியீட்டுத் தேதிகளை நம்புவதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. வெறும் ஆண்டு மட்டும் சொல்லப்பட்டால் அதை ஆசை என்று கொள்வேன். நாள், மாதம், ஆண்டு மூன்றும் நிறுவனத்தின் காலாண்டு நிதி அறிக்கையில் இடம்பெற்றால் அதைத் திட்டம் என்று கொள்வேன். பங்குதாரர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அந்தத் தேதியை எளிதில் மாற்ற மாட்டார்கள், மாற்றினால் உடனே சந்தையில் அடி விழும். ஜி.டி.ஏ. 6 இப்போது இந்த இரண்டாவது வகையில் இருக்கிறது. டிரெய்லர் மட்டும் வந்த கேமை எந்த வகையிலும் சேர்ப்பதில்லை. மெட்ராய்ட் பிரைம் 4-ஐ 2017-ல் அறிவித்து, 2019-ல் பணியை முதலிலிருந்து தொடங்கப் போவதாகச் சொல்லி, கடைசியில் 2025 டிசம்பரில் வெளியிட்டார்கள். 2019-ல் அறிவித்த ஹாலோ நைட்: சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வந்தது. இத்தகைய ஒரு கேமை மட்டும் நம்பி யாரும் கருவி வாங்கி வைக்கக் கூடாது. முன்பதிவு செய்வதையும் நான் பரிந்துரைப்பதில்லை. சைபர்பங்க் 2077 2020 டிசம்பர் 10 அன்று வந்து, பி.எஸ்.4-ல் ஓட முடியாத நிலையில் இருந்ததால், ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கியது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் மீண்டும் சேர்த்தது. இன்று அது மிக நல்ல கேம். வெளியான அன்றே பணம் கொடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம்.

உலகக் கணக்கு இதோடு போதும். உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது, எந்த நிறுவனமும் வெளியிடாத இன்னொரு கணக்கு: உங்களைச் சுற்றி, இந்த ஊரில், எத்தனை பேரிடம் அதே கருவி இருக்கிறது? பெரிய கேம் ஒன்று புதிதாக வரும்போது ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வருகிறது. மாணவர் ஒருவர் ஆண்டுக்கு எத்தனை கேம் அப்படி வாங்க முடியும்? மதுரையில் கன்சோல் வைத்திருப்பவர்கள் சமாளிப்பது டிஸ்க் மாற்றிக்கொள்வதால்தான். ஒருவர் முடித்த கேமை இன்னொருவர் வாங்குகிறார். அவர் முடித்ததும் திருமங்கலத்துக்கோ மேலூருக்கோ அது போகிறது. ஒரே டிஸ்க் பல கைகள் மாறி என் கடைக்கே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் எடிஷன் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இந்தச் சுற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். மூன்று நான்கு கேமிலேயே அந்த மிச்சம் கரைந்துபோகும். கண்ட்ரோலர் கெட்டால் உதிரிபாகம், டி.வி.யோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் உடைந்தால் மாற்றத் தெரிந்த ஆள், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆட நண்பர்கள் எல்லாமே ஊரில் அந்தக் கருவி எவ்வளவு புழங்குகிறது என்பதைப் பொறுத்தவை. மதுரையைப் பொறுத்தவரை இன்று அது பி.எஸ்.4-ம் பி.எஸ்.5-ம்தான்.

ஸ்விட்ச் 2-ஐப் பற்றி இந்த இடத்தில்தான் பேச வேண்டும். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கருவி விற்பதில்லை. இங்கே கிடைப்பவை துபாய், சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருந்து வருபவை. கடைக்காரர் தன் சொந்தப் பொறுப்பில் தரும் உத்தரவாதத்தைத் தவிர நிறுவனத்தின் வாரண்டி இங்கே செல்லாது. இந்தியாவுக்கென்று அவர்களின் இணையக் கடையும் கிடையாது என்பதால், வேறு நாட்டின் கணக்கைத் தொடங்கி, அந்த நாட்டுப் பரிசு அட்டைகளை வாங்கித்தான் கேம் எடுக்க வேண்டும். ஸ்விட்ச் 2-க்கு வரும் பல கேம்களின் கார்டில் கேமே இருப்பதில்லை. அது திறவுகோல் மட்டும்தான், கேம் முழுவதையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஜி.டி.ஏ. 6 அதற்கு அறிவிக்கப்படவும் இல்லை. இவ்வளவையும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும்: வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்து, பெற்றோரும் சேர்ந்து ஆட விரும்பினால், நின்டெண்டோ தரும் கேம்களுக்கு மாற்று இல்லை. வெளிநாட்டில் உறவினர் இருந்து வாங்கி அனுப்புவார் என்றால், அந்த வீட்டுக்கு நான் ஸ்விட்சையே சொல்வேன். உங்கள் தேவை அதுவல்ல.

பி.எஸ்.6 எப்போது வரும் என்று சோனி தேதி எதுவும் அறிவிக்கவில்லை. பி.எஸ்.5 இந்தியாவுக்கு வந்ததே மற்ற நாடுகளுக்கு இரண்டரை மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 2 அன்றுதான். அதன் பிறகும் பல மாதங்கள் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. 2024 நவம்பரில் வந்த பி.எஸ்.5 ப்ரோ அப்போது இங்கே வரவில்லை. அதிலுள்ள வைஃபை 7-க்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லாததைச் சோனியே காரணமாகச் சொன்னது. அந்த அலைவரிசையின் ஒரு பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த வகைசெய்யும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. காத்திருந்தால் பி.எஸ்.5-ன் விலையாவது குறையுமா என்றால், அதற்கும் வாய்ப்பு குறைவு. 299 டாலருக்கு வந்த பி.எஸ்.2 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. 499 டாலருக்கு வந்த பி.எஸ்.5, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549 டாலருக்கு ஏறியது. இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்தது பின்னர் 54,990 ஆனது. சோனி அவ்வப்போது அறிவிக்கும் பண்டிகைத் தள்ளுபடியில் வாங்குவதுதான் புதிய கருவிக்குச் சரியான வழி. ஜி.டி.ஏ. 6 வரும் மாதத்தில் வாங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். எல்லோரும் அந்த மாதத்தில்தான் கடைக்கு வருவார்கள்.

பழைய பி.எஸ்.5 வாங்குவதாக இருந்தால் சிலவற்றை நேரில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பக்கவாட்டு வெள்ளை மூடியைக் கழற்றி மின்விசிறியைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதியில் இரண்டு கோடை ஓடிய கருவியில் இறக்கைகளின் ஓரத்தில் செம்பழுப்பாகத் தூசி படிந்திருக்கும். அது சுத்தம் செய்தால் போகும், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, உள்ளே யாரோ பிரித்த அடையாளம் இருந்தால்தான். பி.எஸ்.5-ல் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே சாதாரணப் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். தெரியாதவர் பிரித்து மூடினால் அது ஒதுங்கி, கருவி சூடேறி அணைந்துவிடும். ஆகவே, கனமான கேம் ஒன்றைப் போட்டு அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். டிஸ்க் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். முதலில் வந்த பெரிய மாடலில் டிஸ்க் டிரைவின் போர்டு தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டது, வேறொரு கருவியின் போர்டை மாற்றிப் போட்டால் டிஸ்க் எடுக்காது. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், படம் விட்டு விட்டு வந்தால் போர்ட் மாற்றும் செலவு இருக்கிறது. கண்ட்ரோலர் குச்சியைத் தொடாமல் மெனுவில் விட்டுவைத்தால் அது தானாக நகரக் கூடாது. கடைசியாக, பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கருவியின் பின்னால் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா, அதில் முந்தையவரின் கணக்கு முழுவதுமாக நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.